ஐந்தாவது வெற்றிலை

வெற்றிலைத் தட்டு நாலு பேரைத் தாண்டி ராக்கையாவிடம் வந்து நின்றது. அவரும் ஒன்றை எடுத்துவிட்டால் சோலி முடிந்தது. பஞ்சாயத்துக்கு உட்காரும் ஐந்து பேரும் எடுத்தால்தான் தீர்ப்பு செல்லும் என்பது போடிமெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டக்காரர்கள் தங்களுக்குள் வைத்திருந்த வழக்கம். போலீசு, கோர்ட்டு என்று போனால் வருஷக்கணக்கில் அலைச்சல். இங்கே ஒரு மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். கதை என்றால் அடுத்தவன் கதைதான்.

இன்றைக்கு வேலுச்சாமியின் கதை. ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து ஒரு மூட்டை காணாமல் போயிருந்தது. விடிகாலை மூடுபனியில், தலையோடு கம்பளி போர்த்திய ஒருவன் மூட்டையோடு போனதைக் கங்காணி கண்ணுச்சாமி பார்த்தாராம். "மொகம் தெரியலீங்கய்யா. ஆனா வேலுச்சாமிதான். உடம்பு வாகே சொல்லுச்சு" என்று சாட்சி சொல்லிவிட்டு உள்ளறைக்குப் போய்விட்டார். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்தில் வேலுச்சாமியின் வீட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தேடியும் மூட்டை கிடைக்கவில்லை. ஆனாலும் ஒருத்தரும் மறுகேள்வி கேட்கவில்லை. அவன் அப்பன் மிளகு திருடி ஜெயிலுக்குப் போனவன். அது போதாதா இவர்களுக்கு?

களவாண்டான் என்று தீர்ப்பானால் வேலுச்சாமி பொழுது சாய்வதற்குள் பெண்டாட்டி பிள்ளைகளோடு லயத்தைக் காலி செய்ய வேண்டும். அப்புறம் இந்த மலையில் எந்தத் தோட்டத்திலும் அவனுக்கு வேலை கிடையாது.

ராக்கையாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மூன்று மணிக்குக் கரண்டு வரும். அடிவாரத்துச் சிலமலையில் தன் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும். கீழே இறங்கும் ஜீப்பு எப்போது கிளம்பும் என்றும் தெரியவில்லை.

"எடுப்பா ராக்கையா, நேரமாகுதுல்ல" என்றார் பெரியவர் சுருளிவேல்.

எடுக்கத்தான் போனார். கை தட்டுக்குப் போகும்போதே கண் ஜீப்பைத் தேடி வாசலுக்குப் போனது. வெளியே பஞ்சுப்பொதி போலப் பனி. இருபதடி தள்ளி, கம்பளி போர்த்திய ஓர் ஆள் முதுகைக் காட்டி நின்றான். 'அடப்பாவி, வேலுச்சாமி நழுவிட்டானே' என்று திக்கென்றது அவருக்கு. வெடுக்கென்று திரும்பினார். உள்ளே, இருட்டு மூலையில் வேலுச்சாமி குத்தவைத்து உட்கார்ந்திருந்தான்.

ராக்கையாவுக்கு முகமெல்லாம் சுட்டது. கையை இழுத்துக்கொண்டார்.

"கண்ணுச்சாமியைக் கூப்புடுங்க."

கங்காணி உள்ளறையிலிருந்து வந்தார்.

"வெளிய நிக்கிறது யாரு?"

கண்ணுச்சாமி ஒரு பார்வைதான் பார்த்தார். "வேலுச்சாமிங்க. இவனை யாரு வெளிய விட்டது?"

"நான் இங்கன இருக்கேன், கங்காணி அண்ணே" என்றது மூலைக் குரல்.

வெளியே நின்றவன் பேச்சுச் சத்தம் கேட்டுத் திரும்பி வாசலுக்கு வந்தான். "ஜீப்பு வந்துருச்சுங்கய்யா" என்று கம்பளியை விலக்கினான். அழகுமலை. கண்ணுச்சாமியின் கூடப்பிறந்த தம்பி.

சுருளிவேல் தொண்டையைச் செருமினார். "சாட்சி ஆள் மாத்திச் சொல்லிட்டான்னா, இவன் களவாங்கலைன்னு ஆயிருமா?"

"ஆகாதுண்ணே. களவாண்டான்னும் ஆகாது. எனக்குத் தெரியலை. தெரியாம எப்படி வெத்தலை எடுக்குறது?"

ஜீப்பு ஆரனடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. சுருளிவேல் தன் வெற்றிலையைத் தட்டிலேயே திருப்பிப் போட்டார். மற்ற மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் போட்டார்கள். கடலை காய்ந்தால் காயட்டும் என்று ராக்கையா உட்கார்ந்தே இருந்தார்.

வேலுச்சாமி எழுந்தான். "அப்ப நாளைக்கு நான் சோலிக்கு வரலாமாய்யா?"

"வா" என்றார் சுருளிவேல்.

ராக்கையாவால் அதோடு விட முடியவில்லை. வாசல்வரை அவன் பின்னாலேயே போனார். "வேலுச்சாமி, கங்காணியை மட்டும் வையாதப்பா. வெளிய ஆளப் பாத்ததும் நானும் உன்னையத்தான் நெனச்சேன்."

அவன் கம்பளியைத் தலைக்கு இழுத்துக்கொண்டான்.

"தெரியும்யா. வெடுக்குனு என்னையத் திரும்பிப் பாத்தீங்கள்ல, அப்பவே தெரியும்."