ஆவுடையம்மாளுக்குப் பத்துக்கு எத்தனை

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. 1986, சாரல் காலம், குற்றாலத்திலிருந்து தென்காசி வரும் வண்டி. பின் இருக்கையில் தலை ஈரத்தோடு இரண்டு பெண்கள். "பத்துக்கு எத்தனை போடட்டும்க்கா?" என்று இளையவள் கேட்டாள். மூத்தவள் தென்காசி வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். படிக்கட்டருகே ஈரத் துண்டோடு ஒருவர் எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். மீதி முழுக்க என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "கொடிய நோயொன்று ஆவுடையம்மாளின் வாழ்வில் புயலென..." (அடித்துவிட்டேன். ஊரில் சாரல் அடிக்கும்போது புயல் எதற்கு?)

இரண்டாவது: "பெண்ணின் சொல்லக் கூடாத இடத்தில்..." (இதுவும் போயிற்று. சொல்லக் கூடாது என்று நானே ஆரம்பித்தால் பிறகு யார்தான் சொல்வது?)

நேராகவே சொல்கிறேன். தென்காசியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பால்வண்ணநாதனின் மனைவி ஆவுடையம்மாளுக்குப் பெண்குறியில் புற்றுநோய் வந்தது. மலைக்கு அந்தப்பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் அறுத்து எடுத்து, கரண்டும் வைத்தார்கள்.* புண் ஆறிவிட்டது. இரண்டு வருஷமாக நோய் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக் கணக்கில் அவள் தேறிவிட்டாள்.

அங்கே ஒரு டாக்டரம்மாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். பிழைத்தவர்கள் உயிரோடு இருக்கிறார்கள், சரி, நன்றாக இருக்கிறார்களா? அதைப் பத்துக்கு இத்தனை என்று மார்க் போட்டு அளந்து வரச்சொல்லி, தன்னிடம் வேலை பார்க்கும் ரெபேக்காளை ஊர் ஊராக அனுப்பினார்.

(* கதிர் சிகிச்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். மின்சார வாரியத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.)

3

ரெபேக்காளை முதலில் கண்ணாடி போட்ட, சிரிக்காத பெண்ணாக எழுதினேன். அப்படிப்பட்டவளிடம் யார் வாய் திறப்பார்கள்? கண்ணாடியைக் கழற்றி, பாளையங்கோட்டைக்காரி ஆக்கினேன். உடனே முறை வைத்துக் கூப்பிட ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, மாடிப்படி ஏறுனா சிரமமா இருக்கா?"

"எங்க வீட்டுல மாடியே கிடையாதே," என்றார் பால்வண்ணநாதன்.

"உக்காந்து எந்திரிக்க?"

"ஒரு குறையும் இல்ல. நல்லா இருக்கா."

"மனசுல பயம், கவலை?"

"அவளுக்கென்ன கவலை? நான் இருக்கேம்லா."

"புருஷன் பொண்டாட்டியா இருக்கறதுல..."

பால்வண்ணநாதன் இருமினார். "காப்பியக் குடிங்க, ஆறுது."

(அவர்மேல் கோபப்படாதீர்கள். மனைவியிடம் கேட்ட கேள்விக்குப் புருஷன் பதில் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. இரண்டு வருஷமாக அவளை ஒரு குடம் தண்ணீர் தூக்க விட்டவரில்லை.)

ஆவுடையம்மாளுக்குச் சொல்ல ஒன்று இருந்தது. அவர் எதிரே வாய் வரவில்லை. திடீரென்று, "குத்தாலத்துல தண்ணி நல்லா விழுதாம், போவமா?" என்றாள்.

"ஒனக்கு ஆகாது."

"போலாம்னு டாக்டரம்மா சொல்லியாச்சு. ரெண்டு சாரல் வீணாப் போச்சு." அவர் துண்டைத் தேடி உள்ளே போனதும் ரெபேக்காளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பொம்பளைங்க பக்கம் அவுக வர முடியாதுலா."

4

அருவியைப் பார்த்ததும் ஆவுடையம்மாளுக்குக் கால் நகரவில்லை. சேலை நனைந்து ஒட்டினால், ஆபரேஷனுக்கு அப்புறம் வீங்கிய கால் தெரியும். தண்ணீர் அடித்தால் தழும்பு என்ன ஆகுமோ? கூட வந்த பக்கத்து வீட்டு ஹைருன் பீவி ஒரு கையைப் பிடித்தாள். "ஏட்டி ஆவுடை, அரிசி உப்புமாவுக்குத் தண்ணி கொதிக்கவா நிக்க? வா." ரெபேக்காள் மறு கையைப் பிடித்தாள். மூன்று பேரும் உள்ளே போனார்கள்.

தண்ணீர் பிடரியில் இறங்கியது. தழும்பு ஒன்றும் ஆகவில்லை. ஆவுடையம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அந்த இரைச்சலில் ரெபேக்காள் அவள் காதோடு ஒட்டி, விட்ட கேள்வியைக் கத்தினாள். அவளும் கத்தினாள்.

"வலி போயிட்டும்மா. ஆசை போகல. தொட்டா எனக்கு நோவும்னு அவுக சுவரோரமா ஒட்டிப் படுத்துக்கிடுதாக."

"நோவுமா?"

"பதனமாத் தொட்டா நோவாது."

"அண்ணாச்சிகிட்டச் சொன்னீங்களா?"

"அதுக்குத்தான் வாய் வரல. இங்கன கத்திப் பழகிக்கிடுதேன்."

(ஆண்கள் பக்கம் நின்ற எனக்கு இது எப்படிக் கேட்டது என்கிறீர்களா? பக்கத்தில் இருந்த ஹைருன் பீவிக்கே கேட்கவில்லை. ரகசியம் பேச எங்கள் ஊரில் இதைவிடப் பத்திரமான இடம் கிடையாது.)

5

முடிவு ஒன்று: நோய் திரும்புகிறது. (பத்திரிகைகளுக்குப் பிடிக்கும். கிழித்துப் போட்டேன்.)

முடிவு இரண்டு: உண்மை தெரிந்து பால்வண்ணநாதன் கதறி... (அவர் அப்படிப்பட்ட ஆளில்லை.)

நடந்ததாக நான் நம்புவது இது. வெளியே அவர் ஒரு கையில் துண்டும் மறு கையில் மிளகாய் பஜ்ஜியுமாக நின்றார்.

"நோவுதா?"

"நோவல," என்றாள் ஆவுடையம்மாள். பிறகு, பழகி வந்ததை அவர் காதோடு சொன்னாள். "நீங்க தொட்டாலும் நோவாது."

அருவியிலிருந்து வந்தவளுக்குக் காது அடைத்திருந்தது. தான் எவ்வளவு சத்தமாகச் சொன்னோம் என்று அவளுக்குத் தெரியாது. பஜ்ஜிக்காரர் கரண்டியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஹைருன் பீவி முந்தானையால் வாயைப் பொத்தினாள். பால்வண்ணநாதனுக்குக் காது நுனிவரை சிவந்தது. ஆனாலும் பஜ்ஜியை அவள் கையில் கொடுத்துவிட்டு, அத்தனை பேர் பார்க்க, தானே அவள் தலையைத் துவட்டினார்.

இனி பேருந்து. ஹைருன் பீவி முன் இருக்கையில் தூங்கிவிட்டாள். "பத்துக்கு எத்தனை போடட்டும்க்கா?" அவள் சிரித்து முடித்துச் சொன்ன பதில் அன்று என் காதில் விழவில்லை. ஆகவே இதையும் நானே எழுதுகிறேன்:

"இப்ப எழுதாத. நாளைக்குக் காலையில வந்து கேளு."

காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என் வேலையில்லை. எண்ணுக்கு இடம் விட்டிருக்கிறேன், நீங்களே போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும்: கொஞ்சம் தாமதமாகவே போங்கள்.