முன்னறை

கம்பி பிரஷ்ஷால் பின்னறைச் சுவரைப் பரபரவென்று தேய்த்துக்கொண்டிருந்தாள் அம்சவல்லி. விடியற்காலையில் உயிர்விட்ட அவள் புருஷன் தசரதன் வாசல் பந்தலில் கிடந்தார். போளூரிலிருந்து மருமகள் சுவேதாவைப் பெற்ற சம்பந்தி வீட்டார் வந்து இறங்குவதற்குள் இந்தக் கறுப்பைப் போக்கிவிட வேண்டும். புருஷனை இந்த லட்சணத்திலா வைத்திருந்தாள் என்று ஒரு வாய் பேசிவிடக் கூடாது. அழக்கூட நேரமில்லாத பிழைப்பு.

மலைச்சரிவை வெட்டிக் கட்டிய தொகுப்பு வீடு. இரண்டே அறை. பின்சுவர் மண்மேட்டை ஒட்டி நின்றதால் மழை தொடங்கினால் வேர்த்து, கறுப்பும் பச்சையுமாய்ப் பூசணம் பூக்கும். இழுப்பு நோய்க்காரருக்குப் பனிக்காற்று ஆகாதென்று ஜன்னலைக் கோணிச்சாக்கால் அடைத்து, அவரை அங்கேதான் படுக்க வைத்திருந்தார்கள். வாரம் தவறாமல் அவர் தலைமாட்டில் நின்று தேய்ப்பாள். தூள் பறக்கும். அவர் இருமுவார். இதோ முடிந்தது என்று சொல்லிக்கொண்டே இன்னும் அழுத்தித் தேய்ப்பாள்.

துக்கம் கேட்க வந்த நர்ஸ் பூங்கோதை அறை வாசலிலேயே நின்று முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாம்மா, தண்ணியில நனைக்காம சுவத்த இப்டித் தேய்ச்சிக்கினு இருக்கீங்க? ஐயாவ இந்த ரூம்லயா வெச்சிருந்தீங்க?"

ஆவணியில் தசரதனையும் மகன் கோகுல்ராஜையும் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். நோயாளியை வெளியே உட்கார வைத்துவிட்டு டாக்டர் மகனிடம் சொன்னதை இப்போது ஒவ்வொன்றாகச் சொன்னாள். பூசணத் தூள்தான் நுரையீரலை அரிக்கிறது. இன்றைக்கே ஈரமில்லாத அறைக்கு மாற்று. சாக்கை எடுத்துக் காற்று விடு. சுவரைத் துடைப்பதென்றால் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு, மூக்கை மூடிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்துத் துடை. நனைக்காமல் மட்டும் தேய்க்காதே.

"கோகுலு சொல்லலியா?" என்றாள் கடைசியில்.

வயதாகிறது, மாத்திரை கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான் என்றல்லவா அவன் அன்றைக்குச் சொன்னான். அதற்குப் பிறகு, துடைப்பத்தால் போகவில்லை என்று இவள் புலம்பியபோது கம்பி பிரஷ் வாங்கி வந்து கொடுத்ததும் அவன்தானே. ஆவணியிலிருந்து எத்தனை வாரம் என்று மனம் தானாக எண்ணத் தொடங்கியது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

கோடி வேட்டியை எடுக்க உள்ளே வந்தான் கோகுல்ராஜ்.

"டாக்டர் இன்னாடா சொன்னாரு?"

அவன் பூங்கோதையைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"முன்ரூம்ல எங்க கல்யாணச் சீரு, புதுக்கட்டிலு, பீரோ எல்லாம் கெடக்குதும்மா. அத இங்க மாத்தினா ஒரு மழைக்கே பூத்துடும். சுவேதா வூட்ல இன்னா நெனைப்பாங்க? மழை வுட்டதும் மாத்திக்கலாம்னு இருந்தேன்."

"என் கையால தேய்க்க வெச்சியேடா."

அறையைத் தராததைக்கூட மன்னித்துவிடலாம். எல்லாம் தெரிந்துகொண்டே, டீ டம்ளரோடு கதவில் சாய்ந்து அவள் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தானே, அதுதான் ஆறவில்லை. பந்தலுக்குப் போய்ப் புருஷன் காலடியில் உட்கார்ந்தாள். முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. பாடையைத் தூக்கும்வரை அவர் பாதங்களையே பிடித்துக்கொண்டிருந்தாள்.

பொழுது சாயும் நேரத்தில் இடுகாட்டிலிருந்து ஆண்கள் திரும்பினார்கள். உயிர் பிரிந்த இடத்தில் விளக்கேற்றிக் கருமாதி வரை அணையாமல் வைப்பது அவர்கள் வழக்கம். அதுவரை அந்த அறையில் யாரும் படுத்துப் புழங்க மாட்டார்கள். மருமகள் சுவேதா பின்னறையைக் கழுவி, அகல் வைத்து, திரியேற்றியிருந்தாள்.

அம்சவல்லி குனிந்து அகலை எடுத்தாள். உள்ளங்கையால் சுடரை மறைத்தபடி கூட்டத்தைக் கடந்து முன்னறைக்கு வந்து, புதுக்கட்டிலின் தலைமாட்டில், காய்ந்த தரையில் வைத்தாள்.

"அப்பா இருந்தது அந்த ரூம்லம்மா" என்றான் கோகுல்ராஜ்.

"இனிமே இங்கதான்."

சம்பந்தி வீட்டார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கோகுல்ராஜ் கட்டிலின் மேலிருந்த மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான். கொண்டுபோய்ப் போட வீட்டில் இருந்தது பின்னறை ஒன்றுதான்.