ஊட்டி வளர்த்த ஈரல்

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். ஆறு பேர் ஏறலாம் என்று எழுதியிருக்கும் லிஃப்டில் நான் ஏறினால் மூன்று பேர் மரியாதையாக இறங்கிக்கொள்வார்கள். ஆஸ்பத்திரித் தராசும் என்னை நிறுக்க மறுத்துவிட்டது. கடைசியில் சமையற்கட்டுக்குப் பின்னால் வெங்காய மூட்டை நிறுக்கும் தராசில் ஏற்றினார்கள். மூட்டைக்காவது விலை உண்டு.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை.

"கொழுப்பு சேர்ந்து உங்க கல்லீரல் கெட்டுப்போச்சு. வேற ஈரல் வெக்கணும். அதே ஆபரேஷன்ல இரைப்பையையும் வெட்டிச் சின்னதாக்கிடறேன். இல்லைன்னா புது ஈரலையும் சாப்பிட்டே தீத்துடுவீங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் எடை இறங்கணும்."

ஈரல் தர முன்வந்தவன் என் தம்பி. வீட்டில் அவனுக்கு ஈர்க்குச்சி என்று பெயர். ரத்தம் ஒத்துப்போனது, ஸ்கேனும் சுத்தமாக வந்தது.

"பாதிய எடுத்துக்கோண்ணா. மறுபடி வளந்துடுமாம்" என்றான், ஏதோ சட்டை இரவல் கொடுப்பவன்போல.

அன்றிலிருந்து வீட்டில் அவன்தான் ராஜா. நான் வேகவைத்த காயை முறைத்துக்கொண்டிருப்பேன். எதிரே அவனுக்கு வெண்ணெய் தடவிய ரொட்டி, பொரித்த கோழி, பாலாடை. "கத்தி வெக்கப்போற உடம்பு, தெம்பு வேணாமா?" என்பாள் அம்மா. அத்தை ஒரு டப்பாவோடு வந்தாள், சித்தி இரண்டோடு வந்தாள். என் மனைவி எனக்கு உப்பில்லாத காயை வைத்த கையோடு கொழுந்தனுக்கு இனிப்பு வைத்தாள். நன்றிக்கடனாம்! அவனும் லேசுப்பட்டவனல்ல. "போதும்மா" என்பான், தட்டை மட்டும் நகர்த்தமாட்டான். கன்னம் உப்பியது, சட்டைப் பொத்தான் தெறித்தது. பிள்ளை தேறிவிட்டான் என்று எல்லோரும் பூரித்துப்போனார்கள். எங்கள் வீட்டாருக்குப் பாசம் காட்டத் தெரிந்த வழி அது ஒன்றுதான். அதன் லட்சணத்தை வெங்காயத் தராசில் பார்த்த பிறகும் ஒருவருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான், என் கண்ணெல்லாம் அவன் தட்டின் மேல் இருந்தது.

ஆபரேஷனுக்கு நாள் குறிக்குமுன் மறுபடி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் படத்தைப் பார்த்தார், தம்பியின் தொப்பையைப் பார்த்தார்.

"என்ன பண்ணீங்க இவரை? ஈரல் பூரா கொழுப்பு. இதை இப்ப எடுக்க முடியாது."

"பிள்ளை தேறிட்டான்னு சந்தோஷப்பட்டேனே டாக்டர்" என்றாள் அம்மா.

"வாயைக் கட்டினா கரையும். கரைஞ்சப்புறம் பாக்கலாம்." பிறகு என் பக்கம் திரும்பினார். "அதுவரைக்கும் நீங்க தாங்கணும்."

தாங்குவீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

வெளியே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தாள்.

"ஸ்கேனுக்காகக் காலையிலேருந்து வெறும் வயிறு. ஒரு வாய் சாப்பிடுடா."

தம்பியின் கை நீண்டது. நான் பாய்ந்து டப்பாவைப் பிடுங்கினேன்.

"ஐயோ, நீ சாப்பிடக்கூடாதுடா!" என்று அலறினாள்.

"எனக்கில்லம்மா. இத்தனை நாளா நீ ஊட்டினது அவனுக்கில்ல, எனக்கு வெக்கப்போற ஈரலுக்கு. சாகப் பயமா இருக்கும்மா. போதும், விட்டுடு."

பொரித்த கோழியின் வாசனை மூக்கைத் துளைத்தது. மூடியை அழுத்தி மூடினேன். நிறைந்த டப்பா ஒன்றை என் ஆயுளில் நான் மூடியது அதுதான் முதல் தடவை.