பியூட்ரிக் அமிலமும் மாப்பிள்ளையும்

பழ எசன்ஸ் தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் ஆய்வகத்தைக் கட்டி மேய்த்தது அந்த வேதியியல்காரிதான். மேலாளர் நாற்காலியில் இருந்தவரோ முதலாளியின் மகளைக் கட்டியவர். வேறு தகுதி ஏதும் இல்லாததால் மாப்பிள்ளை என்பதே அவருக்குப் பதவிப்பெயராகிவிட்டது.

அன்னாசி எசன்ஸுக்காக வந்திருந்த பியூட்ரிக் அமிலக் கேனை அவர் திறந்து முகர்ந்தார். கெட்டுப்போன வெண்ணெயும் வாந்தியும் கலந்த நாற்றம். கேன் கைநழுவி, தரையெல்லாம் அமிலம். மாப்பிள்ளை வாசலுக்கு ஓடிய வேகத்தை அவள் இதற்குமுன் எந்த வேலையிலும் பார்த்ததில்லை.

கையுறை மாட்டிக்கொண்டு சோடா உப்பைக் கொட்டினாள். பொங்கி நுரைத்தது, நாற்றம் அடங்கியது. பிறகு அவருக்கு விளங்கச் சொன்னாள். கார்பாக்சிலிக் அமிலம் எதுவானாலும் அதன் ஓரத்தில் ஒரு கார்பன், அதில் இரண்டு ஆக்சிஜன், ஒன்றில் சுலபமாகக் கழலும் ஹைட்ரஜன். அதைச் சோடா கழற்றிவிட்டதால் அமிலம் உப்பாகிவிட்டது. உப்பு ஆவியாகாது, அதனால் நாறாது. ஓடுகளின் இடுக்கில் அது இன்னும் இருக்கிறது, நன்றாக அலசும்வரை வேறு ஆசிட் படவே கூடாது, பட்டால் ஹைட்ரஜன் திரும்ப ஒட்டிக்கொள்ளும், நாற்றமும் திரும்பிவிடும் என்றாள். மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினார். சாயங்காலம், தன் ரூம் ஸ்பிரேதான் நாற்றத்தை விரட்டியது என்று ஊழியர்களிடம் அளந்துகொண்டிருந்தார்.

மறுநாள் காலை, வெளியூர் வியாபாரிகள் வருவதற்குள் தரை பளபளக்க வேண்டுமென்று கழிப்பறை ஆசிட்டை வாங்கித் தன் கையாலேயே ஊற்றினார். முதலாளி விருந்தினரோடு உள்ளே நுழைந்தபோது நாற்றம் முழுசாக எழுந்து நின்றது. ஒரு வியாபாரி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனார்; மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள்.

"நேத்து இவங்கதான் மாமா ஏதோ பொடி போட்டாங்க," என்றார் மாப்பிள்ளை.

"நான் போட்டது சோடா சார். இன்னைக்கு ஆசிட் ஊத்துனது இவரு. ஊத்தாதீங்கன்னு நேத்தே சொன்னேன்."

"ஆசிட்னா எல்லாம் ஒண்ணுதானே?" என்றார் மாப்பிள்ளை.

அவள் முதலாளியைப் பார்த்தே பதில் சொன்னாள். "இல்லைன்னு பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கே தெரியும் சார்."

முதலாளி மருமகனை மேலும் கீழும் பார்த்தார். மகள் முகம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், திட்டவில்லை. அன்றே ஆய்வகச் சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையை வண்டிகள் பிரிவுக்கு மாற்றினார். அங்கே ஆசிட் எதுவும் கிடையாதே என்று அவளிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளவும் செய்தார்.

வண்டி பேட்டரிகளுக்குள் இருப்பதைப் பற்றி அவள் வாயைத் திறக்கவில்லை.