அந்த எண்ணில் இப்போது வேறொருவர்

ஜூஸ் கடை வைக்கப்போகிறவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு சுவரை அளந்துகொண்டிருந்தார். போர்டக்கா தன் மேசையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இந்த மேசையைக் கொஞ்சம் நகர்த்திக்கலாமா? மிக்சி வைக்கிற இடம் பாக்கணும்.”

நகர்த்தினாள். வேறென்ன செய்வது? மாதக் கடைசியில் கடையைக் காலி செய்வதாகக் கட்டடக்காரரிடம் அவளே சொல்லியிருந்தாள். இன்னும் ஆறு நாள் இருந்தது.

அது வாஷிங் மெஷின் பழுதுபார்க்கும் கடை. புருஷனும் பெண்டாட்டியுமாகப் பதினோரு வருடம் நடத்தினார்கள். வீடு வீடாகப் போய் மெஷினைத் திறப்பதும், வீட்டுக்காரர்களிடம் வாய் ஓயாமல் பேசுவதும் அவன் பங்கு. அவன் கழற்றிக் கொண்டுவரும் சர்க்யூட் போர்டை லென்ஸ் வழியாகப் பார்த்து, எந்தப் பாகம் செத்திருக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றிப் பற்றவைப்பது அவள் பங்கு. மற்றவர்கள் ‘போர்டு போச்சு, புதுசுதான்’ என்று கைவிரித்ததையெல்லாம் அவள் உயிர்ப்பித்துக் கொடுப்பாள். அப்படி வந்ததுதான் போர்டக்கா என்ற பெயர். பதினான்கு மாதத்துக்கு முன்னால், ஒரு வீட்டின் மூன்றாவது மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தபோது அவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்தான். பிறகு எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு வேலை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, இந்த இரண்டு மாதமாக அடியோடு நின்றுபோயிருந்தது. பொம்பளையை நம்பி வீட்டுக்குள் கூப்பிட யாருக்கும் மனசு வரவில்லை என்று அவளாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தாள். அந்த முடிவு அவளைத் தினமும் கொஞ்சம் தின்றுகொண்டிருந்தது.

அவளுடைய தங்கை ஒரு டிராவல்ஸ் ஆபீசில் விளம்பர வேலை பார்ப்பவள். “ஆன்லைன்ல நீ இல்லவே இல்லைக்கா. அதான் விஷயம்” என்று சொல்லி, ஒரு பக்கம் திறந்தாள், கண்ணைப் பறிக்கும் நிறத்தில் போஸ்டர்கள் போட்டாள், அக்காவைக் கேமரா முன்னால் நிறுத்தி ஃபில்டரை எப்படிக் கழுவுவது என்று பேசவைத்தாள். அந்த ரீல்ஸைப் பத்தொன்பதாயிரம் பேர் பார்த்தார்கள். ‘நீங்க சொன்ன மாதிரி கழுவினேன். மெஷின் ஓடுது. மெக்கானிக்கே தேவைப்படலை. ரொம்ப நன்றி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அக்காவும் தங்கையும் அதைப் படித்துச் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

ஜூஸ்காரர் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

“தப்பா நினைக்காதீங்கக்கா. இங்க காலியாத்தான் இருக்கும்னு நினைச்சு வந்தேன். நீங்க வேலை பாக்குறது தெரியாது. மேப்ல மூடியாச்சுன்னு போட்டிருந்துச்சு.”

“எதுல?”

அவர் போனை நீட்டினார். மேப்பில் அவளுடைய கடை இருந்தது. அவன் எடுத்துப் போட்ட பழைய படம், பெயர்ப்பலகை, எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில்: நிரந்தரமாக மூடப்பட்டது.

போர்டக்கா உடனே தங்கையைக் கூப்பிட்டாள். தங்கை மதியச் சாப்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடிவந்தாள்.

“இந்தப் பக்கத்தை ஆரம்பிச்சது மாமாதான்க்கா. பாஸ்வேர்டு தெரியுமா?”

“எனக்கெப்படித் தெரியும்?”

“பரவாயில்லை, அவர் நம்பருக்கு ஓடிபி அனுப்புறேன்னு சொல்லுது. கடைசி ரெண்டு எண் நாலு, ஏழு. அந்த போன் எங்க?”

போர்டக்கா மேசை விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

“அக்கா?”

“அவர் போனப்புறம் அது அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ஒவ்வொருத்தர்கிட்டயும் அவர் இல்லை, அவர் இல்லைன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. என்னால முடியலை. அணைச்சு டிராயர்ல போட்டுட்டேன். ரீசார்ஜும் பண்ணலை.”

அந்த எண்ணை இந்நேரம் வேறு யாருக்காவது கொடுத்திருப்பார்கள் என்று தங்கைக்குப் புரிந்தது. கடையின் பலகையில் அக்காவின் எண் இருந்தது. ஆனால் மேப்பைப் பார்த்து வருகிற புது ஆட்கள் எல்லோரும் இத்தனை மாதமாகக் கூப்பிட்டது செத்துப்போனவனின் எண்ணை.

“அனுப்பு. நான் கூப்பிட்டுக் கேக்குறேன்” என்றாள் போர்டக்கா.

மனப்பாடமான எண்தான். பார்க்காமலே அழுத்தினாள். நான்காவது மணியில் யாரோ எடுத்தார்கள். பின்னால் ஒரே ஹாரன் சத்தம்.

“யாருங்க?”

“ஐயா, உங்க போனுக்கு இப்ப ஆறு இலக்கத்துல ஒரு எண் வந்திருக்கும்...”

“வந்திருக்கு. சொன்னா எனக்குப் பரிசு விழும், அதானே? போன மாசம் என் மச்சானை இப்படித்தான் மொட்டையடிச்சீங்க.” வைத்துவிட்டார்.

மறுபடி ஓடிபி அனுப்பிவிட்டு, தங்கை தன் போனிலிருந்து கூப்பிட்டாள். “சார், நாங்க ஏமாத்துறவங்க இல்லை...”

“எந்தத் திருடன்மா நான் திருடன்னு சொல்லிக்கிட்டு வருவான்?”

மூன்றாவது முறை இரண்டு எண்களிலிருந்தும் அழைப்பே போகவில்லை; அவர் இரண்டையும் பிளாக் செய்துவிட்டிருந்தார். திரையில், ‘பலமுறை முயன்றுவிட்டீர்கள், நாளை முயலவும்’ என்று வந்தது. தங்கை கையைப் பிசைந்துகொண்டு ஆபீசுக்குத் திரும்பினாள்.

போர்டக்கா எழுந்து பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குப் போய் போனைக் கேட்டு வாங்கினாள்.

“ஐயா, வைச்சுடாதீங்க. எனக்கு எந்த நம்பரும் வேண்டாம். ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு வாஷிங் மெஷின் ரிப்பேர்னு யாராச்சும் கூப்பிடுறாங்களா?”

“யாராச்சுமா? பத்து மாசமா என் உயிரை எடுக்குறாங்கம்மா! யாரு அந்த ஆளு? உங்களுக்குத் தெரியுமா?”

“என் வீட்டுக்காரர். தவறிட்டார்.”

அந்த மனிதர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத்தான் மீதியைப் பேசினார். முதலில் ராங் நம்பர் என்று பொறுமையாகத்தான் சொன்னாராம். ஒரு நாளைக்கு நாலு, ஐந்து அழைப்பு வந்ததாம்.

“பிள்ளைங்களை வச்சு வண்டி ஓட்டுறவன்மா நான். கடுப்புல, கடையை மூடிட்டாங்க, இனிமே கூப்பிடாதீங்கன்னு சொல்ல ஆரம்பிச்சேன். அப்படின்னா மேப்ல மூடிட்டாங்கன்னு சொல்லிடவான்னு ஒருத்தர் கேட்டார். புண்ணியமாப் போகும், எல்லாரும் சொல்லுங்கன்னேன். ரெண்டு மாசம் இருக்கும்.”

‘பாவி, என் வாயில மண்ணைப் போட்டுட்டியே’ என்று கத்த வாயைத் திறந்தாள். ஆனால் போனை அணைத்து டிராயருக்குள் போட்டது யார்? அவள் வாயை மூடிக்கொண்டாள். ஜெராக்ஸ் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அளவுக்கு, நின்ற இடத்திலேயே விசும்பினாள். யாரும் அவளை வேண்டாம் என்று சொல்லவில்லை. இத்தனை நாளும் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்திருக்கிறார்கள்.

“அம்மா, லைன்ல இருக்கீங்களா?” என்றார் வேன்காரர். “நாளைக்குக் காலை டிரிப் முடிச்சதும் நேர்லயே வர்றேன். கடை எங்கன்னு சொல்லுங்க.”

சொன்னபடி வந்தார். வாசலில் நின்று உள்ளே எட்டிப்பார்த்து, மேசை, லென்ஸ், கழற்றிவைத்த போர்டுகள் எல்லாவற்றையும் ஒருமுறை பார்த்த பிறகுதான் போனை அவள் கையில் கொடுத்தார். ஆறு இலக்கங்கள் வந்தன. தங்கை தட்டினாள். பக்கம் திறந்தது.

‘திறந்திருக்கிறது’ என்று மாற்றினார்கள். எண்ணை மாற்றினார்கள். ‘உங்கள் மாற்றங்கள் பரிசீலனையில் உள்ளன. ஐந்து நாட்கள் வரை ஆகலாம்’ என்றது திரை. கையில் இருந்ததும் ஐந்தே நாள்.

போர்டக்கா கட்டடக்காரரிடம் போய் இன்னும் ஒரு மாதம் கேட்டாள். அவர் நல்ல மனிதர்தான். “அந்தத் தம்பிக்கு வாக்கு கொடுத்துட்டேனேம்மா” என்று தலையைச் சொறிந்தார். அதற்கு மேல் அவளும் கெஞ்சவில்லை.

வேன்காரர் தன் போனைத் துழாவி, கடைசியாக வந்த தெரியாத எண்கள் இருபத்து மூன்றை எழுதிக் கொடுத்திருந்தார். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். புது மெஷின் வாங்கியாச்சு என்றவர்கள்தான் அதிகம். கடை நடத்துற லட்சணமா இது என்று ஒருவர் வாங்கு வாங்கென்று வாங்கினார். “ரெண்டு மாசமாக் கையாலதான் துவைக்கிறேன். இப்பவே வாங்கம்மா” என்றாள் ஒருத்தி. அப்படி நாலு பேர் தேறினார்கள்.

முன்பின் தெரியாத வீட்டின் கதவை அதுவரை அவள் தட்டியதே இல்லை. அது அவன் பங்கு. கருவிப் பையோடு போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். கதவைத் திறந்தவள் அவளையும் பையையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, “மெக்கானிக் பின்னால வர்றாரா?” என்று கேட்டாள்.

“நான்தாங்க மெக்கானிக்.”

“அப்பாடா” என்றாள் அந்தப் பெண். “வாங்க, வாங்க.”

மாதக் கடைசியில் கடை போனது போனதுதான். மேசையையும் சாமான்களையும் வேன்காரர் தன் வேனிலேயே ஏற்றி அவள் வீட்டு முன்னறையில் இறக்கினார். மேப்பில் ‘திறந்திருக்கிறது’ என்று வந்தது அதற்கு மறுநாள். முகவரியை மாற்றியதும் பரிசீலனை மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. அந்த ஒரு வாரம் ஜூஸ் கடைக்குப் போய்த் திரும்பியவர்கள் எத்தனை பேரோ, அவளுக்குத் தெரியாது. வேலை இப்போது வருகிறது. முன்பு வந்ததில் பாதிகூட இல்லை.

கை ஓய்ந்த ஒரு மத்தியானம் மேப்பில் இருந்த அந்தப் பக்கத்தைத் தனியாகத் திறந்து பார்த்தாள். மேலே, அவன் ஒவ்வொருவருக்கும் எழுதிய பழைய பதில்கள். ‘சத்தம் திரும்ப வந்தா கூச்சப்படாமக் கூப்பிடுங்க சார்.’ ‘போர்டு சரிபண்ணது நான் இல்லை மேடம், என் மனைவி.’ அவற்றுக்குக் கீழே, அவன் போன பிறகு வந்து, பதில் கிடைக்காமலே கிடந்த கேள்விகள் தொண்ணூற்றிரண்டு.

எல்லாம் ஆறிப்போன கேள்விகள். இனி பதில் எழுதி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று தங்கை சொல்லியிருந்தாள். போர்டக்கா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பதின்மூன்று மாதத்துக்கு முந்தைய முதல் கேள்விக்குக் கீழே, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடித் தட்டினாள்: ‘தாமதத்துக்கு மன்னிக்கவும். உங்க மெஷின் இப்ப ஓடுதா?’