மோத்ரியா எந்தப் பக்கம்?

பெரிய நோன்புக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது ஃபாதர் மிரோன் ஓரிஸ்யாவை ஜாடை காட்டிக் கூப்பிட்டார். அவர் கையில் அவள் எழுதிக் கொடுத்த பெயர்ச் சீட்டு இருந்தது. வருஷா வருஷம் ஒவ்வொரு வீட்டாரும் கொடுப்பதுதான். மடித்த அட்டையில் இடது பக்கம் உயிரோடு இருப்பவர்களின் பெயர்கள், வலது பக்கம் இறந்தவர்களின் பெயர்கள். ஃபாதர் அதை வாசித்து, முதல் பக்கத்தாருக்கு ஆரோக்கியமும் அடுத்த பக்கத்தாருக்கு இளைப்பாறுதலும் கேட்பார்.

"இந்த மோத்ரியா யாரும்மா?" என்றார். அவர் வின்னிபெக்குக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது.

"எங்கப்பா எழுதின பேரு ஃபாதர். எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்லேருந்து எழுதுவார். அவர் போனப்புறம் நான் எழுதுறேன்."

"இப்ப உயிரோட இருக்காங்களா?"

"தெரியாது."

"தெரியாம எப்படி இந்தப் பக்கம் போடுறீங்க? செத்துப்போனவங்களுக்கு மூட்டுவலி தீரணும்னு நான் பாட்டுக்கு வேண்டிக்கிட்டு இருந்தா நல்லாவா இருக்கு?"

வேறு யாராவது கேட்டிருந்தால் ஓரிஸ்யா வாயாலேயே வறுத்து எடுத்திருப்பாள். ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. தவிர, பத்து வருஷமாக அவளையே அரித்துக்கொண்டிருந்த கேள்வி அது. சின்ன வயதில் ஒரு தடவை அப்பாவிடம் கேட்டாள். "நம்ம ஆளு" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் பனி வாரப் போய்விட்டார்.

"ஈஸ்டருக்குள்ள சொல்லிடறேன் ஃபாதர், எந்தப் பக்கம்னு."

"அவ்வளவு சீக்கிரமா முடியுமா?"

"நாப்பத்தோரு குடும்பத்துக்குத் தேடிக் குடுத்திருக்கேன். இது நாப்பத்திரண்டாவது."

சும்மா சொல்லவில்லை. அந்த நகரத்தின் வடக்குப் பகுதியில் இருக்கும் உக்ரைன்காரர்களில் பாதிப்பேருடைய அப்பா அம்மா போருக்குப் பிறகு ஜெர்மனியில் அகதி முகாம்களில் கிடந்து கப்பலேறி வந்தவர்கள். ஓரிஸ்யாவே அப்படி ஒரு முகாமில் பிறந்து, கைக்குழந்தையாக வந்தவள்தான். முப்பது வருஷம் நிலப்பதிவு ஆபீஸில் குப்பை கொட்டியதில், ஒரு காகிதத்தைப் பார்த்ததும் அது உண்மை பேசுகிறதா, மழுப்புகிறதா என்று அவளுக்குத் தெரிந்துவிடும். முகாம் அட்டை, கப்பல் பட்டியல், எக்ஸ்ரே சீட்டு என்று எங்கெங்கோ எழுதிப்போட்டு வரவழைப்பாள். காணாமல்போன சித்தப்பாக்களும் மறைத்து வைத்த முதல் கல்யாணங்களும் அவள் சாப்பாட்டு மேசையில் வரிசையாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

அப்பா விஷயத்தில் மட்டும் எல்லாம் சுவரில் போய் முட்டியது. அவருடைய முகாம் அட்டை அவளிடம் இருந்தது. கவ்ரிலோ ஹ்னாட்யூக், விவசாயி, பிறந்தது போலந்துக்கு உட்பட்ட டெர்னோபில் பக்கம், வெர்பிவ்கா கிராமம். அந்தக் கிராமத்துக்கு மூன்று தடவை எழுதினாள். ஹ்னாட்யூக் என்று ஒரு குடும்பம் இங்கே இருந்ததே இல்லை, மோத்ரியா என்றும் யாரும் இல்லை என்று மூன்று தடவையும் பதில் வந்தது. பதிவேடு போரில் எரிந்திருக்கும் என்று ஓரிஸ்யா தீர்ப்பு எழுதிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை கோயில் அடித்தளத்துச் சமையல்கூடத்தில் வரேனிக்கி பிடிக்கும் வேலை. உருளைக்கிழங்கு மசியலை வைத்து மாவை மடித்து ஓரம் கிள்ளவேண்டும், ஆயிரத்து இருநூறு உருப்படி. பதினாலு பெண்கள் நீள மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். கை ஓடுகிறதோ இல்லையோ, வாய் ஓடும். அன்று தெக்லா என்கிறவள் தன் மாமனார் பிறந்த ஊரைப் பற்றிக் கேட்க, ஓரிஸ்யா பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில இருக்கறத அப்படியே நம்பாத தெக்லா. கிழக்கால பொறந்தவன் ஒருத்தனும் உண்மைய எழுதல. சோவியத் அதிகாரிங்க ரயிலோட வந்து நிக்கிறான், எங்க நாட்டு ஆளுங்கள எங்ககிட்ட குடுன்னு. போனா சைபீரியாதான். போருக்கு முன்னாடி போலந்துல இருந்தவன போகச்சொல்ல முடியாது. அதனால ஒரே ராத்திரியில கிழக்கத்திக்காரன் எல்லாம் மேற்கத்திக்காரன் ஆயிட்டான். ஊர்ப்பேரு, ஆத்துப்பேரு, வாத்தியார் பேரு எல்லாம் மனப்பாடம். பேரையே மாத்திக்கிட்டவனும் உண்டு."

"அப்ப உண்மைய எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

"எந்தக் கோயிலுக்குப் போனாருன்னு பாரு. மேற்கே கலீசியாவுல எல்லாரும் ரோமுக்குக் கட்டுப்பட்ட கோயில்காரங்க. கிழக்கே நம்ம மாதிரி ஆர்த்தடாக்ஸ். ஆபீசர்கிட்ட பொய் சொல்லுவான், சாமிகிட்ட சொல்லமாட்டான்."

மேசைக்கு எதிர்ப்பக்கம் பெலாகியா உட்கார்ந்திருந்தாள். எண்பத்திரண்டு வயது, எல்லாரையும் விட வேகமாகக் கிள்ளுவாள். அவள் கை நிற்கவில்லை, தலையும் நிமிரவில்லை.

"ஏண்டி ஓரிஸ்யா, உங்கப்பன் எந்த ஊரு?"

"டெர்னோபில் பக்கம் பெலாகியாம்மா. உங்களுக்குத் தெரியாதா?"

"அது கலீசியாதானே?"

"ஆமா."

"அவரு எந்தக் கோயிலுக்கு வந்தாரு?"

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி, கூழ்ச் சட்டியில் விழுமாம் துள்ளி. ஓரிஸ்யாவின் கையிலிருந்த மாவு அப்படியே நின்றது. நாற்பத்தைந்து வருஷம் அப்பா இதே கட்டடத்தில், இந்த அடித்தளத்துக்கு மேலேதான், வலது தூண் ஓரமாக நின்றிருக்கிறார். தெரு முக்கிலேயே ரோமுக்குக் கட்டுப்பட்ட கோயிலும் இருந்தது. ஒரு கல்யாணத்துக்குக்கூட அவர் அதற்குள் போனதில்லை.

"எங்கப்பா பொய் சொல்லமாட்டாரு" என்றாள். சொல்லி முடிக்கும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே கேட்டது.

"எல்லாரு அப்பனும் சொன்னாங்க, என் புருஷனும் சொன்னாரு. உங்கப்பன் மட்டும் என்ன தனிப்பிறவியா?" என்றாள் பெலாகியா. "அடுத்த தட்ட இந்தப் பக்கம் தள்ளு."

வெட்கம் காதுவரை ஏறியது. நாற்பத்தோரு குடும்பத்துப் பொய்களை ஓரிஸ்யா சிரித்துக்கொண்டே பிரித்துப் போட்டவள். தன் அப்பாவின் அட்டையை மட்டும் வேத வாக்காகக் கும்பிட்டு வைத்திருந்தாள். ஆனால் வெட்கப்பட்டு மூலையில் உட்காருகிற ரகம் அவள் இல்லை. வீட்டுக்குப் போய்க் கோட்டைக் கழற்றுவதற்குள் யோசித்து முடித்துவிட்டாள். அப்பா சாமியிடம் பொய் சொல்லமாட்டார் என்றால், சாமியிடம் அவர் எப்போது பேசினார்? அம்மாவைக் கல்யாணம் கட்டியது முகாமில், நாற்பத்தேழில். மரக்கொட்டகையில்தான் கோயில் நடந்தது என்றாலும், பாதிரியார் பதிவேடு எழுதாமல் மோதிரம் மாற்றிவைத்திருக்கமாட்டார்.

அந்த முகாமின் பாதிரியார் பிறகு அமெரிக்காவில் குடியேறினார் என்றும், அவருடைய புத்தகங்கள் அங்கே ஒரு கோயில் காப்பகத்துக்குப் போயின என்றும் ஒன்பதே நாளில் கண்டுபிடித்தாள். காப்பகத்தில் இருந்த அம்மாளுக்கு எழுதும்போது அப்பாவின் பெயரை எழுதவில்லை. தேதியையும் மணமகளின் பெயரையும் மட்டும் எழுதினாள். பன்னிரண்டாம் நாள் ஒரு பக்கத்தின் நகல் வந்தது.

அதைத் தனியாகப் பிரிக்க அவளுக்குத் தைரியம் போதவில்லை. தம்பி லெவ்கோவைக் கூப்பிட்டாள். அவன் குழாய் வேலைக்காரன், நாலு வயது இளையவன். அக்கா கூப்பிட்டால் எந்த வீட்டுக் குழாயையும் அப்படியே ஒழுக விட்டுவிட்டு வரப் பழகியவன்.

பழைய கையெழுத்தை அவள் சத்தமாக வாசித்தாள். "மணமகன், யூகிமின் மகன் கவ்ரிலோ லெமேஷ்கோ. முகாம் அட்டையில் ஹ்னாட்யூக். போல்டாவா பகுதி, விஷ்னேவா பால்கா கிராமம். மனைவியை இழந்தவர். முதல் மனைவி பராஸ்கா நாற்பத்திமூன்றில் இறந்ததாக அதே ஊர்க்காரர் இருவர் சத்தியம் செய்தனர். ஒரு மகள், மோத்ரியா, முப்பத்தெட்டில் பிறந்தவள், ஊரில் பெரியம்மாவிடம் விடப்பட்டிருக்கிறாள்."

ஓரிஸ்யாவுக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம்தான். எத்தனை குளிர்காலம் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்கள். ஒரு நாள் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே. அப்புறம் அவளே பதிலும் சொல்லிக்கொண்டாள். கனடாவிலிருந்து ஒரு கடிதம் போயிருந்தால் அந்தக் குழந்தையை அந்த ஊரில் யார் நிம்மதியாக விட்டிருப்பார்கள்? இங்கே யாராவது வாய் தவறிச் சொன்னால் அட்டை பொய் என்று ஆகிவிடும். ஆகவே மனிதர் வாயைக் கட்டிக்கொண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு பெயரை மட்டும் அட்டையின் இடது பக்கம் எழுதியிருக்கிறார். இதை நினைத்ததும்தான் அழுகை வந்தது.

லெவ்கோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "அக்கா, வண்டி ரெண்டு பக்கமும் ஹ்னாட்யூக் அண்ட் சன்னு பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கேன். இப்ப லெமேஷ்கோன்னு மாத்தணுமா?"

"வாய மூடிட்டு காப்பி போடு."

"அது சரி. அவங்க இருக்காங்களா?"

"இருக்காங்க," என்றாள் ஓரிஸ்யா. ஆதாரம் ஒன்றும் கிடையாது. அப்படித்தான் சொல்ல வந்தது.

விஷ்னேவா பால்கா கிராம மன்றத்துக்கு எழுதினாள். ஈஸ்டருக்கு எட்டு நாள் இருக்கும்போது பதில் வந்தது, மன்றத்துச் செயலாளர் கைப்பட எழுதியது. "மோத்ரியா கவ்ரிலிவ்னா இருக்கிறார். கணவர் இல்லை. இரண்டு ஆடு வைத்திருக்கிறார். உங்கள் கடிதத்தைக் காட்டினேன், நம்பவில்லை. டெலிபோன் எண் கீழே. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் கூப்பிடவும், அதற்கு முன் கூப்பிட்டால் திட்டுவார்."

அங்கே மூன்று மணி என்றால் வின்னிபெக்கில் காலை ஏழு. லெவ்கோ ஆறரைக்கே வந்து எதிரே உட்கார்ந்துவிட்டான். ஓரிஸ்யா என்ன பேசுவது என்று தாளில் எழுதி வைத்திருந்தாள், முதலில் மன்னிப்பு, அப்புறம் விவரம். எத்தனையோ பேருக்கு இப்படி முதல் போன் போட்டுக் கொடுத்தவள், எண்களைத் தடுமாறாமல் அழுத்தினாள்.

"யாரு?" என்றது ஒரு குரல். கட்டையான குரல்.

"கனடாவுலேருந்து பேசறேன். என் பேரு ஓரிஸ்யா. கவ்ரிலோ லெமேஷ்கோவோட..."

"செயலாளர் பொண்ணு சொல்லிச்சு. வீட்ட எழுதிக் கேக்கறதா இருந்தா இங்க ஒண்ணும் இல்ல. கூரை ஒழுகுது. ஆடு ரெண்டும் என் பேர்லதான் இருக்கு."

"எனக்கு ஆடு வேண்டாம்."

"வேற என்ன வேணும்?"

தாளில் இதற்குப் பதில் இல்லை. ஓரிஸ்யா தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"அவரு ஜெர்மனியில சாகல. கனடா வந்து, எம்பத்திரண்டு வயசு வரைக்கும் இருந்தாரு. அத உங்களுக்குச் சொல்லணும்."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. அப்புறம் குரல் வந்தது. "என்னைத் தூக்கிட்டுப் போனாங்களாம் ரயிலடிக்கு, ஜெர்மன்காரங்க அவர வேலைக்குப் பிடிச்சிட்டுப் போனப்ப. எனக்கு நாலு வயசு. ஒண்ணும் ஞாபகம் இல்ல. மூஞ்சிகூட ஞாபகம் இல்ல. ஒரு வார்த்த எழுதினாரா எனக்கு?"

"எழுதல. எழுதினா உங்களுக்கு ஆபத்து. ஆனா வருஷா வருஷம் கோயில்ல உங்க பேர எழுதிக் குடுத்தாரு. உயிரோட இருக்கறவங்க பக்கம்."

"நான் உயிரோட இருக்கேன்னு அவருக்கு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல."

லெவ்கோ மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரிசீவரில் அழுகை கேட்கும் என்று ஓரிஸ்யா எதிர்பார்த்தாள். அவள் பார்த்த முதல் போன்களில் எல்லாம் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"அவரு போயி எத்தனை வருஷம்?" என்றது குரல்.

"பத்து."

"பத்து வருஷமா என்ன பண்ணிட்டு இருந்த? ஊரு முழுக்கத் தேடிக் குடுக்கிறவள்னு லெட்டர்ல பெருமையா எழுதியிருக்கே. கூடப்பொறந்தவளத் தேடறதுக்கு மட்டும் பத்து வருஷமா?"

ஓரிஸ்யாவிடம் காரணம் இருந்தது, அட்டை, பொய், கோயில், எல்லாம் விளக்கலாம். ஒன்றையும் சொல்லத் தோன்றவில்லை. இந்தக் குரலில் இருக்கிற அதட்டலை அவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் அவள் லெவ்கோவிடம் போடுவது.

"தப்புதான்" என்றாள்.

"தப்புன்னு தெரிஞ்சா சரி. ஈஸ்டர் முடிஞ்சு அடுத்த ஞாயிறு இங்க எல்லாரும் கல்லறைக்குப் போவோம். அதுக்குள்ள வந்து சேரு. அவரு கல்லறையிலேருந்து ஒரு பிடி மண்ணு எடுத்துட்டு வா, எங்கம்மா பக்கத்துல போடணும். தம்பி ஒருத்தன் இருக்கானாமே, அவனையும் கூட்டிட்டு வா. கூரை வேலை தெரியுமா அவனுக்கு?"

அந்த மண்ணுக்கு அடியில்தான் ஓரிஸ்யாவின் அம்மாவும் அப்பாவுக்குப் பக்கத்தில் படுத்திருக்கிறாள். வழக்கமாக இருந்தால் அவள் ஒரு கேள்வி கேட்டிருப்பாள், இரண்டு வாரத்தில் விசா, டிக்கெட் என்று கணக்குச் சொல்லியிருப்பாள், கடைசியில் தான் சொன்னபடிதான் நடக்கவேண்டும் என்று முடித்திருப்பாள்.

"சரிக்கா," என்றாள்.

லெவ்கோ தலையை நிமிர்த்தினான். அக்கா மறு பேச்சில்லாமல் ஒருவருக்குச் சரி என்று சொல்லி, பிறந்ததிலிருந்து அவன் கேட்டதே இல்லை.