கால் எட்டும் உயரம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கோடை தொடங்கியதிலிருந்து ஒரு மலை வரைபடம் விரிந்து கிடந்தது. அதன் மேல்தான் தட்டு வைத்தோம். அதன் மேல்தான் அம்மா காய் நறுக்கினாள். ஒருநாள் சூடான சட்டியை அப்படியே இறக்கிவிட்டதில் பழுப்பாக ஒரு வட்டம் விழுந்தது. அந்த வட்டத்துக்குள்தான் கணவாய் இருந்தது.

பனி உருகத் தொடங்கிய பிறகு, கோடையில் மட்டும் திறக்கும் மலைச்சாலை அந்தக் கணவாயைத் தாண்டிப் போகிறது. சாலையின் இரு பக்கமும் ஆள் உயரத்துக்கு வெட்டிவிட்ட பனிச்சுவர் நிற்குமாம். பகல் முழுக்க வெயிலில் சொட்டிக்கொண்டே இருக்குமாம். சொட்டும் அந்தச் சுவர்களுக்கு நடுவே என் வண்டியை நானே ஓட்டிப் போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அண்ணன் போட்ட திட்டத்தில் நான் அவன் பைக்கில், அவன் முதுகுக்குப் பின்னால் இருந்தேன்.

"உனக்கென்னடி குறைச்சல்? சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்த்துட்டே வரலாம்" என்றான்.

"எதை வேடிக்கை பார்க்கிறது? உன் ஹெல்மெட்டையா?"

"சைடுல பாரு."

"சைடுல பார்த்தா பாதி மலைதான் தெரியும்."

"பாதிக்கே உனக்கு மூச்சு வாங்கும், போ."

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். காலையிலிருந்து மாலை வரை அடுத்தவர்கள் ஓட்டும் காரில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பது அவன் பிழைப்பு. அந்தப் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. எதிரே லாரி வந்தால், நாய் வந்தால், ஓட்டுகிறவர் ஏதாவது யோசிக்க ஆரம்பித்தால், இவன் வலது கால் தானாக அழுத்திவிடும். அந்தப் பழக்கம் வீடு வரை கூடவே வந்துவிட்டது. பஸ்ஸில் உட்கார்ந்தும் மிதிப்பான். டிவியில் கார்கள் துரத்திக்கொண்டு போனால் மேசைக்கடியில் மிதிப்பான். அங்கே பெரும்பாலும் என் கால் இருக்கும்.

திட்டத்தில் மூன்றாவது ஆள் அண்ணனின் நண்பர். ஏசி ரிப்பேர் செய்கிறவர். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே வானத்தை அண்ணாந்து பார்ப்பதால் அவருக்கு எங்கள் வீட்டில் 'வானிலை' என்று பெயர். அவர் பார்ப்பதிலும் நியாயம் இருந்தது. கணவாய் திறப்பது கோடையில். அவருக்கு மூச்சுவிட நேரமில்லாததும் கோடையில்தான். ஊரில் மழை பெய்து வெக்கை தணிந்தால்தான் அவருக்கு லீவு. மலையில் மழை பெய்தால் சாலையை மூடிவிடுவார்கள்.

"இங்க மட்டும் பெய்யணும், அங்க பெய்யக்கூடாது" என்பார்.

"மேகத்துக்கு நீ போன் போட்டுச் சொல்லுடா" என்பான் அண்ணன்.

இப்படியே ஒவ்வொரு சாயங்காலமும் போகும். எந்த வழியில் ஏறுவது, ஏரிப் பக்கம் இறங்குவதா, காட்டுப் பக்கம் இறங்குவதா என்று இருவரும் வரைபடத்தில் விரல் வைத்துச் சண்டை போடுவார்கள். பேச்சு முடியும்போது எல்லாம் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். என்னிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "மாத்திரை, பிஸ்கட், மழைக்கோட்டு எல்லாம் நீ பார்த்துக்குவேல்ல?"

எனக்கும் ஒரு வண்டி இருந்தது. அண்ணன் புதிது வாங்கியபோது அவனுடைய பழையது எனக்கு வந்தது. ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவன்தான். ஆனால் அது அவன் உயரத்துக்கான வண்டி. நான் உட்கார்ந்தால் கால் விரல் நுனி மட்டும் தரையைத் தொடும்.

"மலையில ஒவ்வொரு வளைவுலயும் நிக்க வேண்டி வரும். பாதம் முழுசா ஊனலைன்னா அப்படியே சாய்ஞ்சுடுவே" என்றான் அண்ணன். "நான் வேணாம்னு சொல்லலை. உன் கால் சொல்லுது."

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் நான் வேலை செய்வது சீட் கவர் கடையில். வண்டி உயரம் என்றால் மற்றவர்கள் வருத்தப்படுவார்கள், எங்கள் கடையில் கத்தியை எடுப்போம். மறுநாள் கடை மூடும் நேரத்தில் என் சீட்டைக் கழற்றினேன். ரெக்சினை உரித்து, உள்ளே இருந்த ஸ்பாஞ்சை நீளக் கத்தியால் கேக் வெட்டுவதுபோல் அறுத்தேன். முன்பக்கம் பாதியை எடுத்தேன். பின்னால் இருந்ததை மொத்தமாக எடுத்துவிட்டேன்; என் பின்னால் யாரும் உட்காரப் போவதில்லையே. அங்கே வெறும் அடித்தகட்டின் மேலேயே ரெக்சினை இழுத்து ஸ்டேப்ளர் பின் அடித்தேன். முதலாளி வந்து பார்த்தார்.

"இதுல உட்கார்ந்து மலைக்குப் போறதுக்கு அம்மிக்கல்லுல உட்கார்ந்து போகலாம்" என்றார்.

"கால் எட்டுது சார்."

"கால் எட்டும். மத்ததெல்லாம் என்ன பாவம் பண்ணுச்சு?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணன் என்னைக் கடைவீதியின் அடுக்குமாடி வண்டி நிறுத்தத்துக்குக் கூட்டிப் போனான். மாடிக்கு மாடி சுற்றிச் சுற்றி ஏறும் சரிவுப் பாதை அங்கே இருந்தது. அந்த நேரத்தில் வண்டிகள் அதிகம் இருக்காது. வாட்ச்மேன் மட்டும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். கொண்டை ஊசி வளைவுக்கு ஊருக்குள் அதைவிட்டால் வேறு இடம் கிடையாது. ஏறினேன். வளைவில் நின்றேன், பாதம் முழுதாக ஊன்றினேன், மறுபடி கிளப்பினேன். மேலே போய் இறங்கி வந்து அவன் முன்னால் நிறுத்தினேன்.

"மறுபடி" என்றான்.

போனேன், வந்தேன்.

"மறுபடி."

வாட்ச்மேன் எழுந்து, "அந்தப் பொண்ணு எதையாவது தொலைச்சுடுச்சா?" என்று கேட்கும் வரை இது நடந்தது. ஒரு தடவைகூட நான் தடுமாறவில்லை. அண்ணன் தாடையைச் சொறிந்தான்.

"பார்க்கலாம்" என்றான்.

எங்கள் வீட்டில் 'பார்க்கலாம்' என்பதைவிட மோசமான சொல் கிடையாது. 'முடியாது' என்றால் சண்டை போடலாம். 'பார்க்கலாம்' என்ற பிறகு அவன் வாயைப் பார்த்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அப்படி உட்கார்ந்திருந்தபோதுதான் அவனே கேட்டான். "என் சீட்டையும் கொஞ்சம் மெத்துன்னு பண்ணிக் கொடேன். நாள் பூரா கார்ல உட்கார்ந்து முதுகு விட்டுப் போச்சு."

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நினைத்தேன். என் சீட்டிலிருந்து அறுத்த ஸ்பாஞ்ச் கடையில் அப்படியே இருந்தது. பழைய காலத்துக் கெட்டி ஸ்பாஞ்ச், இப்போது அந்தத் தரம் வருவதில்லை. அதை அடுக்கி, பசை தடவி, ஓரம் சீவி, இரட்டைத் தையல் போட்டு அவன் சீட்டில் ஏற்றினேன். எங்கள் கடையில் அளவு பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. வண்டியை டபுள் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு வாடிக்கையாளரை உட்காரச் சொல்வோம். அவர் கண்ணை மூடிக்கொண்டு இரண்டு தடவை அமுங்கிப் பார்ப்பார். முகம் மலர்ந்தால் வேலை முடிந்தது. அண்ணனும் அப்படித்தான் கண்ணை மூடி அமுங்கிப் பார்த்தான்.

"சிம்மாசனம்டி இது" என்றான். "சரி, உன் வண்டிய நீயே ஓட்டிட்டு வா. வந்து தொலை."

அன்றைக்கு முழுக்க எனக்குப் பசிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மூட்டையெல்லாம் கட்டி ஒத்திகை பார்க்கப் போனோம். அதே சரிவுப் பாதை. அண்ணன் முன்னால், நான் பின்னால். வலது பக்கம் திரும்பும் வளைவில் மேலிருந்து ஒரு கார் இறங்கி வந்தது. அண்ணன் நிறுத்தினான். வலது காலைக் கீழே வைத்தான். அங்கே தரை இல்லை. வளைவின் உள்பக்கம் சரிவு, போதாக்குறைக்கு நான் கட்டிக்கொடுத்த சிம்மாசனம். கால் காற்றில் துழாவியது. பிறகு வண்டி, மூட்டை, பிஸ்கட், மழைக்கோட்டு எல்லாம் மெதுவாக, மரியாதையாக, அவன் வலது காலின் மேல் சாய்ந்தன.

காரை ஓட்டிவந்த அம்மாள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். அவனிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவள் அவள்.

"சார், நீங்களா?" என்றாள்.

வண்டி ஸ்டாண்டில் நிற்கும்போது எல்லாருக்கும் ஒரே உயரம்தான். காலைத் தரையில் வைத்துப் பார்க்கச் சொல்ல எங்கள் கடையில் யாருக்கும் தோன்றியதே இல்லை. சமதரையில் ஓட்டுகிற ஊருக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். என் சீட்டுக்கு மட்டும் தோன்றியது.

எலும்பு முறியவில்லை, சுளுக்குதான், ஆனால் கணுக்கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. கோடை முடியும் வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் மேசையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினான். அதன் அடியில் மேசை புதிதாக இருந்தது.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்றான்.

"ரோட்டைத் திறந்துட்டாங்கண்ணா."

"திறந்தவன் மூடிட்டுப் போகட்டும்."

அந்த வாரம் பார்த்து ஊரில் மழை பிடித்தது. வானிலை தலை துவட்டக்கூட மறந்து உள்ளே வந்தார்.

"ரெண்டு நாளா ஒருத்தரும் கூப்பிடலை. ஊரே குளுகுளுன்னு இருக்கு. மலையில ஒரு பொட்டு மேகம் இல்லை. எப்பக் கிளம்பறோம்?"

அவர் அண்ணனின் கட்டுப்போட்ட காலைப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார்.

"அப்ப நானும் பாப்பாவும் போய்ட்டு வரட்டுமா?"

"அண்ணன் இல்லாம அவளை அனுப்பறதா இல்லை" என்று அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "அதோட அந்த ஆள் ரோட்டையா பார்த்து ஓட்டுவாரு?"

அண்ணன் வானிலையின் பின்னால் உட்கார்ந்து போகலாமே என்றேன். "இவன் வானத்தைப் பார்த்துக்கிட்டே பள்ளத்துல விடுவான்" என்றான். வானிலை மறுக்கவில்லை. மிச்சமிருந்தது ஒரு வழி. அது எல்லாருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. ஆனால் வாயைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை. பனிச்சுவர்களுக்கு நடுவே நான் தனியாகப் போவதாகத்தான் இத்தனை நாளும் கற்பனை செய்திருந்தேன். சொட்டும் சத்தம் கேட்கும். வேறு யாரும் பேசமாட்டார்கள்.

"என் வண்டில வர்றியா?" என்றேன் கடைசியில்.

அண்ணன் அடுப்படிப் பக்கம் பார்த்தான். வானிலையைப் பார்த்தான்.

"பின்னாடியா?"

"சைடுல பார்த்துட்டே வரலாம்."

அவனுடைய சீட்டைப் பிரித்து ஸ்பாஞ்சைத் திரும்ப எடுத்தேன். சிம்மாசனம் உரிபடுவதை அவன் கடையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். அதை என் வண்டியின் பின்பக்கம் வைத்துக் கட்டினேன். இந்தத் தடவை வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, நான் முன்னால் உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் ஊன்றிக்கொண்டு அவனை ஏறச் சொன்னேன். அவன் எடை முழுவதும் என் முழங்காலில் இறங்கியது.

"கனக்குதா?" என்றான்.

"பேசாம உட்காரு."

கட்டு கொஞ்சம் தளர்ந்ததும் சரிவுப் பாதைக்குப் போனோம். வானிலை கீழேயே நின்றார். வாட்ச்மேன் எங்களைப் பார்த்ததும், "போன தடவை விழுந்தது போதலையா?" என்றார்.

"மேல வரைக்கும் காலால மிதிக்காம வா" என்று அண்ணனிடம் சொன்னேன். "வந்தா கூட்டிட்டுப் போறேன். வளைவுல நீ மிதிச்சா வண்டி ஆடுது."

"நான் எங்கடி மிதிக்கிறேன்?"

முதல் வளைவிலேயே மிதித்தான். கால் வைக்கும் கம்பியை, அதே வலது காலால், பிரேக் என்று நினைத்து. வண்டி ஒரு பக்கம் குலுங்கியது. பின்னாலிருந்து 'ஸ்ஸ்' என்று சத்தம் வந்தது. நிறுத்தி இரண்டு கால்களையும் ஊன்றினேன்.

"மிதிச்சே."

"இல்லை."

"அப்புறம் எதுக்குக் கத்தினே?"

"சுவர் அழகா இருந்துச்சு."

கீழே திருப்பிக் கொண்டுவந்தேன். "மறுபடி" என்றேன்.

இரண்டாவது தடவை பாதி தூரம் வரை சமாளித்தான். அதற்குள் நான்கு தடவை "கியரைக் குறை" என்றான், நான் ஏற்கனவே குறைத்திருந்தேன். பிறகு ஒரு தூண் மறைவிலிருந்து பூனை வந்தது. 'ஸ்ஸ்.' பூனையே திரும்பிப் பார்த்தது.

"மறுபடி."

"கால் போயிடும்டி."

"அதுக்குத்தான் மிதிக்காதேங்கறேன்."

மூன்றாவது தடவை மொட்டைமாடி வரை வந்துவிட்டோம். அவன் மிதிக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒவ்வொரு வளைவிலும் என் வலது தோளைப் பிடித்து அழுத்தினான். உச்சிக்கு வந்தபோது என் வலது கையைத் தூக்க முடியவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். எதிரே தண்ணீர்த் தொட்டிகள், கம்பிகள், யாரோ உலர்த்திய போர்வை. மலை இருக்க வேண்டிய திசையில் ஒன்றும் தெரியவில்லை, வெறும் வெள்ளை.

"மிதிக்கலை, பார்த்தியா" என்றான் அண்ணன்.

"என் தோளை மிதிச்சியே."

"தோள் கணக்குல வராது."

எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கணவாய் வரை எத்தனை வளைவுகள் என்று வரைபடத்தில் பார்த்திருக்கிறேன். அத்தனைக்கும் தோளில் இவன் கை. அத்தனைக்கும் "கியரைக் குறை." பனிச்சுவர் சொட்டும் சத்தம் கேட்கவே போவதில்லை. திரும்பிப் பார்த்தேன். அவன் வியர்த்துப்போயிருந்தான். ஓட்டத் தெரியாத வண்டியில் முதல்நாள் உட்கார்ந்தவர்கள் முகத்தில் இருக்கும் பயம் அவன் முகத்தில் இருந்தது. அந்த முகத்தைத் தினமும் பக்கத்து சீட்டிலிருந்து பார்க்கிறவன் அவன்தான்.

"போகப்போகப் பழக்கம் வரும்" என்றேன். "இறங்கும்போது தொடக்கூடாது. தொட்டா மறுபடி."

கீழேயிருந்து வானிலை, மலையில் நாளைக்கும் வெயில்தான், ஆனால் மறுநாள் சொல்ல முடியாது என்று கத்திக்கொண்டிருந்தார்.

அண்ணன் கையை என் தோளிலிருந்து எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் காற்றில் வைத்திருந்துவிட்டுத் தன் தொடையின் மேல் வைத்துக்கொண்டான். நான் இரண்டு பாதங்களாலும் தரையைத் தள்ளி வண்டியை இறக்கத்தின் பக்கம் திருப்பினேன்.